பள்ளிப்படை

பள்ளிப்படை என்பது இறந்த அரசர் அல்லது அரசகுடியினரின் நினைவாக எழுப்பப்பட்ட கோயில். பள்ளி என்ற சொல் துயிலும் இடத்தைக் குறிக்கும். அரசரின் இறப்பைத் துயிலாகச் சொல்வது பழந்தமிழ் மரபு. சங்ககாலப் பாண்டியன் ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று அழைக்கப்பட்டான். தக்கோலப் போரில் (949) யானைமேல் இருந்தபோது கொல்லப்பட்ட சோழ இளவரசன் ராஜாதித்தனைக் கல்வெட்டுகள் 'யானைமேல் துஞ்சின தேவர்' என்கின்றன.

அமைப்பு

பள்ளிப்படையில் கருவறை, அர்த்தமண்டபம், விமானம், லிங்கம் ஆகிய அனைத்தும் பிற சிவன் கோயில்களில் உள்ளவை போன்றே அமையும். நினைக்கப்படுபவரின் பெயருடன் 'ஈஸ்வரம்' சேர்த்து இறைவன் பெயர் வழங்கும். பூசை, விளக்கு, அன்னதானம் ஆகியவற்றுக்கு நிவந்தங்கள் அளிக்கப்பட்டன. சில பள்ளிப்படைகள் காளாமுக, பாசுபதத் துறவிகளின் பொறுப்பில் இருந்தன. தோற்றத்தைக் கொண்டு மட்டும் ஒரு கோயிலைப் பள்ளிப்படை எனக் கூற முடியாது, கல்வெட்டே சான்று.

முக்கியமான பள்ளிப்படைகள்

- ஆதித்தேஸ்வரம்: முதலாம் ஆதித்த சோழன் காளஹஸ்திக்கு அருகே தொண்டைமானாற்றூரில் இறந்தான். அவன் மகன் முதலாம் பராந்தகன் அங்கே இக்கோயிலைக் கட்டினான். இவ்விடம் இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது.
- அரிஞ்சிகை ஈஸ்வரம்: ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சய சோழனுக்காக அவன் பேரன் முதலாம் ராஜராஜன் வேலூர் மாவட்டம் மேல்பாடியில் கட்டியது. இன்று சோளேஸ்வரர் கோயில் எனப்படுகிறது.
- பஞ்சவன்மாதேவீஸ்வரம்: ராஜராஜனின் அரசிகளுள் ஒருவரான பஞ்சவன்மாதேவிக்காக முதலாம் ராஜேந்திரன் கட்டியது. பஞ்சவன்மாதேவி ராஜேந்திரனைப் பெற்றவர் அல்ல, சிற்றன்னை. பட்டீஸ்வரம் அருகே உள்ள இக்கோயில் இன்று ராமநாதன் கோயில் எனப்படுகிறது.
- சுந்தரபாண்டிய ஈஸ்வரம்: விருதுநகர் மாவட்டம் திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தில் உள்ள பாண்டியர் காலப் பள்ளிப்படை.

பிரம்மதேசம் கல்வெட்டு

முதலாம் ராஜேந்திரன் 1044-ல் இறந்தபோது அவன் அரசி வீரமாதேவி உடன்கட்டை ஏறினார். திருவண்ணாமலை மாவட்டம் பிரம்மதேசத்தில் உள்ள கல்வெட்டு இதைத் தெரிவிக்கிறது. மறைந்த இருவரின் தாகம் தணிய அங்கே ஒரு தண்ணீர்ப்பந்தல் அமைக்க நிவந்தம் அளித்தவர் வீரமாதேவியின் உடன்பிறந்தவர். பேரரசனின் இறப்பு பற்றிய இந்தச் செய்தி மெய்க்கீர்த்தியில் அன்றி, நீர் வார்க்கும் அறத்தைப் பதிவுசெய்த கல்வெட்டில்தான் கிடைக்கிறது.

உடையாளூர்

முதலாம் ராஜராஜனின் பள்ளிப்படை கும்பகோணம் அருகே உடையாளூரில் இருந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. அவ்வூர் பால்குளத்து அம்மன் கோயில் தூணில் உள்ள முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு, சிவபாதசேகரதேவர் திருமாளிகையின் முன்மண்டபம் பழுதானதால் புதுப்பிக்கப்பட்டதைக் கூறுகிறது. சிவபாதசேகரன் ராஜராஜனின் பட்டப்பெயர். ஆனால் அக்கல்வெட்டு அந்தத் திருமாளிகையைப் பள்ளிப்படை என்று சொல்லவில்லை. ஆகவே அரசனின் பெயரில் ஒரு கட்டடம் இருந்தது என்பது வரையே அதைக்கொண்டு உறுதியாகச் சொல்ல இயலும்.

பிற நாட்டு மரபு

தாய்லாந்தில் அரசரின் ஈமச்சடங்குப் பொருட்கள் அழியாமல் பேணப்படுகின்றன. பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தின் தேர்க்கூடத்தில் 1795-ல் செய்யப்பட்ட மாபெரும் வெற்றித்தேர் உள்ளது. 11 மீட்டருக்கு மேல் உயரமும் 13 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட இத்தேர் 2017 அக்டோபர் 26-ல் மன்னர் பூமிபோலின் இறுதி ஊர்வலத்தில் இழுக்கப்பட்டது. தகனமேடை மேரு மலையின் வடிவாகக் கருதப்படுகிறது. சடங்கு முடிந்ததும் அது பிரிக்கப்பட்டுவிடும். தேர் காட்சிக்கூடத்துக்குத் திரும்பும்.

சோழர்களின் ஈமச்சடங்குப் பொருட்கள் அவ்வாறு காட்சிக்கூடம் சேரவில்லை. எஞ்சியவை கோயில்களும் எழுத்துகளும் மட்டுமே.

பாதுகாப்பு

அரிஞ்சிகை ஈஸ்வரம் சோளேஸ்வரம் ஆனதும், பஞ்சவன்மாதேவீஸ்வரம் ராமநாதன் கோயில் ஆனதும் மக்கள் வழக்கில் பெயர் மறைவதைக் காட்டுகின்றன. நினைக்கப்பட்டவரின் பெயர் அடித்தளக் கற்களிலும் சுவர்களிலும் மட்டுமே உள்ளது. திருப்பணியின்போது சுண்ணாம்போ சிமெண்டோ பூசுவதும், கற்களை இடம்மாற்றி அடுக்குவதும் அந்த ஒரே சான்றையும் அழித்துவிடும். வரிகள் போனபின் பள்ளிப்படைக்கும் பிற சிவன் கோயிலுக்கும் வேறுபாடு காண வழியில்லை.