பெரியப்பா ருசி பார்த்த பாசுமதி பீர்!

'பீர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டி ஜோக்ஸுக்குப் போய்விடாதீர்கள். வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் பத்திரிகையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக் கொள்ளுங்கள், போதும். குடிக்கச் சொல்கிற கட்டுரை இல்லை இது. பெங்களூரில் ஐ.டி. பசங்கள் மூக்கை விட்டு உறிஞ்சி உறிஞ்சிப் பேசுகிறார்களே 'கிராஃப்ட் பீர்', அதை எப்படி ருசி பார்ப்பது என்று, மூன்றாம் வகுப்போடு ஸ்லேட்டை மூட்டை கட்டிவிட்ட ஒரு மனிதர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் என் பெரியப்பா. தொழில், ஒரு காலத்தில் கள் இறக்குவது.

எங்களுக்கு ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. சேலத்திலிருந்து அரூர் போகிற வழியில் மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டி வரவேண்டும். ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் சித்தேரி மலை, நடுவில் வாணியாறு. தென்னை, பாக்கு, மஞ்சள், கரும்பு எல்லாம் விளைகிற பூமி. ஆனால் பீர் விஷயத்தில் எங்கள் ஊருக்குத் தெரிந்தது இரண்டே ரகம்தான். 'கூலிங் இருக்கு', 'கூலிங் இல்ல'. கம்பிக்குள்ளிருந்து எந்த பாட்டில் நீட்டப்படுகிறதோ அதுதான் நம்ம பிராண்ட். அதிலும் 'ஸ்ட்ராங்'தான் கேட்பார்கள். 'காசு குடுத்துட்டு ஏறலைன்னா எப்படி?' என்பது எங்கள் ஊர்ப் பொருளாதாரம். ருசியாவது கிசியாவது!

வேலை கிடைத்துப் பெங்களூர் போன பிறகுதான், பீர் என்பது ஐஸ் பெட்டியில் பிறப்பதில்லை என்ற உண்மை தெரிந்தது. பெரிய ஃபாக்டரியில் லட்சக்கணக்கான பாட்டிலாக ஒரே ருசியில் அடைக்காமல், கடைக்குள்ளேயே நாலைந்து எவர்சில்வர் தொட்டி வைத்து, அங்கேயே காய்ச்சிப் புளிக்க வைத்து, அங்கேயே ஊற்றிக் கொடுத்தால் அது கிராஃப்ட் பீர். கைப்பக்குவ பீர் என்று வைத்துக் கொள்ளுங்களேன். 2009-ல் புனேயில் 'டூலாலி' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். 2010-ல் பெங்களூர் இந்திராநகரில் 'டாய்ட்' வந்தது. அப்புறம் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டது.

நான் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சிய விசேஷத்துக்குப் பெரியப்பா வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். விருந்தெல்லாம் முடிந்த மறுநாள், 'பெரிப்பா, ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், பெரிம்மாகிட்ட சொல்லாதீங்க' என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை!

மெட்ரோ ஏறி இந்திராநகர். டாய்ட்டில், எது பிடிக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சின்னச் சின்ன கிளாஸில் ஒவ்வொரு ரகத்திலும் கொஞ்சம் ஊற்றி ஒரு மரத்தட்டில் வரிசையாகக் கொண்டு வந்தார்கள். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, 'என்னாடா இது, போலியோ சொட்டு மருந்தாட்டம்?' என்றார்.

முதல் கிளாஸ் கோதுமை பீர். கலங்கலாக இருந்தது. நான் எடுத்து மடக்கென்று குடிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். 'இர்றா... மொதல்ல நொரையைப் பாரு. அப்பறம் மூக்கு. வாய் கடைசி.' கிளாஸை மூக்குக்குக் கீழே கொண்டு போய் ஒரு இழுப்பு இழுத்தார். 'வாழப்பழ வாசம் வருதேடா. கூடவே லவங்கம்.'

பரிமாறிக் கொண்டிருந்த பையன் அசந்து போனான். அவனுக்கு இதைப் பயிற்சி கொடுத்துச் சொல்லித் தந்திருப்பார்களாம். உள்ளே வாழைப்பழமும் கிடையாது, லவங்கமும் கிடையாது. ஜெர்மன்காரர்கள் கோதுமை பீருக்கென்றே வைத்திருக்கிற ஒரு ஜாதி ஈஸ்ட், சர்க்கரையைச் சாப்பிட்டுவிட்டு அந்த வாசனைகளை வெளியே விடுகிறது. பெரியப்பாவிடம் இதை விளக்கினேன். 'இதுக்குப் பேரு வெச்சிட்டானுங்களா? கலயத்துலயே சில நாள் இந்த வாசம் வருமே' என்றார்.

அடுத்தது பெல்ஜியம் முறையில் செய்த வெள்ளை பீர். அந்த ரகத்துக்கு ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். 'மல்லி போட்டிருக்கான். பீர் காச்சறானா, ரசம் வெக்கறானா?' என்று நகர்த்திவிட்டார்.

மூன்றாவது ஐ.பி.ஏ. என்கிற இந்தியா பேல் ஏல். பெயரில்தான் இந்தியா. ஒரு வாய் வைத்ததுமே முகம் அஷ்டகோணல். 'நிலவேம்புக் கஷாயம்டா இது!' கசப்புக்குக் காரணம் ஹாப்ஸ் என்கிற கொடியின் பூ. பீருக்குக் கசப்பையும் வாசனையையும் தருவதோடு, சீக்கிரம் கெடாமலும் பார்த்துக் கொள்கிறது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீரில் அதைத் தூக்கலாகப் போட்டார்கள். அப்படி வந்த பெயர் இது. வெள்ளைக்காரனுக்கு நம் ஊர் வெயிலில் கஷாயம் தேவைப்பட்டிருக்கிறது.

நான்காவது, கறுப்பு நிற ஸ்டௌட். வறுத்துக் கருக்கிய பார்லி. 'காபி மாதிரி, சாக்லேட் மாதிரி இருக்கும் சார்' என்றான் பையன். பெரியப்பா ருசி பார்த்துவிட்டு, 'அடிப் பிடிச்ச கேவுரு களி' என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிடச் சரியான வர்ணனையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அப்புறம்தான் 'பாசுமதி பிளாண்ட்' வந்தது. பார்லியோடு பாசுமதி அரிசியும் சேர்த்துக் காய்ச்சியது. வெளிர் மஞ்சள், லேசான ருசி. பெரியப்பா பேசவில்லை. இன்னொரு வாய். அப்போதும் பேசவில்லை. கிளாஸைக் காலி செய்துவிட்டு, 'நம்ம ஊட்டு நீச்சத்தண்ணியை ரெண்டு நாள் மறந்து வெச்சா இப்படித்தான் வரும்... இதுக்கா மெட்ரோ ஏறி வந்தோம்?' என்றார். ஆனால் இன்னொன்று கேட்டு வாங்கிக் கொண்டார் என்பதையும் பதிவு செய்து விடுகிறேன்.

அவர் சொன்னது விளையாட்டு இல்லை சார். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று இருக்கிறதே, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, அதில் வலைஞர் குடியிருப்பில் மது தயாரிக்கிற முறை அப்படியே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டில் ஆற வைத்து, முளை அடையைக் கலந்து, ஜாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். தானியத்தை முளைகட்ட வைத்தால் அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறும், சர்க்கரை புளித்து மதுவாகும். டாய்ட்டின் தொட்டிக்குள் நடப்பதும் அதேதான், கண்ணாடிச் சுவரும் ஏ.சி.யும்தான் கூடுதல்.

கள் வேறு ஜாதி. அதற்கு முளை வேண்டாம், அடுப்பு வேண்டாம். பாளையிலிருந்து சொட்டும்போதே அது சர்க்கரைத் தண்ணீர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டே வேலையை முடித்துவிடும். சில மணி நேரத்தில் கள். மறுநாளைக்கு விட்டால் புளிப்பு, அதற்கும் மேல் விட்டால் காடி. 'அந்தப் பீரு எத்தினி நாளுடா ஆவுது?' என்று பெரியப்பா கேட்டதற்குப் பையன், 'ரெண்டு வாரத்துக்கு மேல' என்றான். 'நமக்குக் காலைல ஏறனா மத்தியானம் சரக்கு' என்று மீசையைத் தடவினார்.

எங்கள் தகடூர்ச் சீமைக்கும் கள்ளுக்கும் உறவு நேற்றையது இல்லை. (தகடூர்தான் தர்மபுரி.) அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் அழுது பாடிய புறநானூற்றுப் பாட்டில், கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடித்து மகிழ்வானே என்றுதான் ஆரம்பிக்கிறார். ஒரு ராஜாவின் பெருமையைச் சொல்ல அந்தப் பாட்டிக்கு முதலில் ஞாபகம் வந்தது, அவன் கள்ளைப் பங்கு வைத்த விதம்!

அப்பேர்ப்பட்ட சீமையில்தான் முதல் பூட்டும் விழுந்தது. 1937 அக்டோபர் 1-ம் தேதி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கைத் தன் சொந்த சேலம் ஜில்லாவில் தொடங்கி வைத்தார். அப்போது தர்மபுரி தனி மாவட்டம் கிடையாது, 1965-ல்தான் பிரிந்தது. ஆக, பாப்பிரெட்டிப்பட்டியும் அன்றைக்கே 'டிரை'. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டு வந்தார்கள். இன்றைக்கு ஹோட்டல் பில்லின் அடியில் வரியைப் பார்த்து முனகுகிறோமே, அந்தப் பரம்பரையின் தாத்தா எங்கள் ஊர்க் கள்ளுக் கலயத்திலிருந்து எழுந்து வந்தவர்.

1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கலைஞர் ஆட்சி தளர்த்தியது, 1974-க்குள் மறுபடி மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. சீல் வைத்த பாட்டில்கள் மட்டும் பிழைத்தன. 2003-லிருந்து சில்லறைக் கடையும் அரசாங்கமே.

இதெல்லாம் நமக்கு வருஷக் கணக்கு. பெரியப்பாவுக்கு இது சர்வீஸ் ரெக்கார்டு. பதினேழு வயதில், 1971-ல், தாத்தா காலில் தளை மாட்டி மரத்தில் ஏற்றிவிட்டார். தொழில் படிந்து வருகிற நேரத்தில் மூடிவிட்டார்கள். பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சினார். 1981-ல் மறுபடி 'டூட்டியில் ஜாயின்'. 1986 டிசம்பரோடு சர்வீஸ் முடிந்தது. சட்டப்படி கள் இறக்கியது மொத்தம் ஏழு வருஷத்துக்கும் சொச்சம். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. மறுவாரமே கரும்பு வெட்டப் போனார். ஒரு பாளையை எவ்வளவு மெல்லிசாகச் சீவினால் அது நாளைக்கும் சொட்டும் என்று தெரிந்த கை அது. பெரியப்பாவின் இரண்டு பையன்களுக்கும் மரம் ஏறத் தெரியாது. எனக்கு ஸ்டூல் ஏறினாலே தலை சுற்றும்.

'கள்ளு உணவுடா, மருந்துடா' என்கிற பாட்டையெல்லாம் நான் பாடப் போவதில்லை. பெரியம்மாவிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். 'மூடனது நல்லதுதான். இறக்கற ஆளு குடிக்காம இறக்குமா? ஊட்டுக்கு வந்த காசுல பாதி கள்ளுக்கடைத் திண்ணையிலதான் இருந்துச்சு' என்பார். அதே மூச்சில், 'ஆனா அப்ப குடிச்சாலும் பொழுது சாய ஊட்டுக்கு வந்து சோறு துன்னுவாரு. பாட்டிலு வந்தப்பறம் ரோட்டுல போயித் தேட வேண்டியதாப் போச்சு' என்றும் சொல்வார். இரண்டில் எது அவருடைய தீர்ப்பு என்று கேட்டேன். 'ரெண்டுந்தான்' என்றார்.

தடையை நியாயப்படுத்துகிறவர்கள் கலப்படத்தைச் சொல்கிறார்கள். கள்ளில் தூக்க மாத்திரையும் குளோரல் ஹைட்ரேட்டும் கலந்து விற்ற ஆசாமிகள் உண்டுதான். ஆனால் தடை இருந்தும் 2024 ஜூனில், எங்கள் சித்தேரி மலைக்கு அந்தப் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. 2017-ல் தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்கத் தமிழக அரசு அனுமதித்தது. கள்ளுக்கு மட்டும் கதவு சாத்தியே இருக்கிறது. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீரைப் பகல் 12 மணிக்குக் கவுண்டரில் வாங்கலாம், நாலைந்து சதவீதக் கள்ளைச் சொந்த மரத்திலிருந்து இறக்கினால் கேஸ். இந்தக் கணக்கு, அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கிற எனக்கே டேலி ஆகவில்லை.

பெங்களூரில் பெரியப்பா என் வாயைக் கிளறிவிட்டார் இல்லையா, போன சித்திரையில் நான் அவரைப் பாலக்காடு மாவட்டம் சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் தாண்டினால் கேரளா. அங்கே கள் சட்டப்படி சரக்கு. சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகள்தான் கேரளத்தின் பல ஊர்களுக்குக் கள் அனுப்புகின்றன.

ஒரு ஷாப்பில் உட்கார்ந்தோம். கப்பக்கிழங்கு, மிளகாய் மிதக்கும் மீன் கறி. கள் வந்தது. பெரியப்பா நுரையைப் பார்த்தார். மோந்தார். ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் நோட்டும் பேனாவுமாகக் காத்திருந்தேன். டாய்ட்டில் வாழைப்பழம், லவங்கம், மல்லி என்று அடுக்கிய மனிதர் இங்கே ஒன்றுமே சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, 'காலைல எறக்கனது. வெயிலுக்கு முன்னாடி' என்றார். கடைக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

பின்பக்கத் தோப்பில் ஒருவர் பாளை சீவி இறங்கிக் கொண்டிருந்தார். பெரியப்பா நேராக அவரிடம் போய், அவர் இடுப்புக் கத்தியைக் கேட்டு வாங்கி, நகத்தில் பதம் பார்த்தார். அவருக்கு மலையாளம் தெரியாது, அவர்களுக்கு எங்கள் ஊர்த் தமிழ் புரியாது. அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள்! பாளை கட்டுவது, தட்டுவது, எத்தனை நாளில் ஊறும் என்பதெல்லாம் கையாலேயே. 'ஏறறீங்களா?' என்று அவர் மரத்தைக் காட்டினார். பெரியப்பா மரத்தில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். 'மொழங்காலு ஒத்துக்காது' என்று கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பெரியம்மா போன் செய்தார். பெரியப்பா என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலோரமாக முணுமுணுத்துக் கொண்டிருந்தார். 'பதநீர்தான் குடிச்சோம் பெரிம்மா' என்றேன்.

'பதநீ குடிச்ச மனுசன் எதுக்குடா எம்.ஜி.ஆர். பாட்டுப் பாடறாரு?' என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.