சென்ட்ரின்: சென்ட்ரோசோமில் ஒரு கால்சியப் புரதம்

யூகேரியோட்டிக் செல்களின் சென்ட்ரோசோமில் உள்ள கால்சியப் பிணைப்புப் புரதங்களுள் முதன்மையானது சென்ட்ரின். அளவில் சிறியது, மனிதரிடம் உள்ள சென்ட்ரின் 2 என்னும் வகை 172 அமினோ அமிலங்களால் ஆனது. சென்ட்ரோசோமின் நடுவே ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு சென்ட்ரியோல்கள் உண்டு. குழாய் வடிவான அவற்றின் உட்புறத்தில், ஒரு முனையை ஒட்டி சென்ட்ரின் திரண்டிருக்கும்.

கால்சியத்தைப் பற்றும் உறுப்பு, இரு சுருள்களுக்கு இடையே 12 அமினோ அமிலங்கள் வளைந்து நிற்கும் ஒரு கண்ணி. சென்ட்ரினில் இத்தகைய கண்ணிகள் நான்கு. அவை எல்லாம் ஒரே வலிமையுடன் பற்றுவதில்லை. அமைதியாக இருக்கும் செல்லின் உள்ளே கால்சிய அயனிகளின் செறிவு வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால் சிறிதளவு கால்சியம் உள்ளே நுழைந்தாலும் செல்லுக்கு அது தெளிவான செய்தி. அயனி வந்து அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. மற்றப் புரதங்களோடு அது சேரும் விதமும் மாறுகிறது.

இந்தப் புரதம் முதலில் அகப்பட்டது விலங்குச் செல்லில் அல்ல, ஒரு பச்சைப் பாசியில். டெட்ராசெல்மிஸ் என்ற ஒருசெல் பாசியின் கசையிழைகளுக்கு அடியில் வரிகள் கொண்ட வேர் போன்ற இழைகள் உள்ளன. கால்சியம் பட்டதும் அவை சுருங்கிவிடும். ஜெஃப்ரி சாலிஸ்பரியும் உடன் உழைத்தவர்களும் அந்த இழைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் முக்கியப் புரதத்தை 1984-இல் விவரித்தனர். தசையைச் சுருக்கும் மயோசின் ஒவ்வொரு அசைவுக்கும் ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறது, இங்கே சுருக்கத்தைத் தூண்டுவது கால்சியமே. இதன் நெருங்கிய உறவான ஸ்பாஸ்மின் என்னும் புரதம், நன்னீரில் வாழும் வோர்ட்டிசெல்லாவின் காம்பை மில்லிவினாடிகளில் சுருட்டிவிடுகிறது.

ஈஸ்ட்டில் இதன் வேலை வேறு. அங்கே சென்ட்ரோசோமுக்கு ஈடான கதிர்கோல் துருவ உறுப்பு இரட்டிப்பாவதற்குச் சென்ட்ரின் மரபணு கட்டாயம் தேவை. எஸ்.எஃப்.ஐ.1 என்ற நீண்ட புரதத்தின் மேல் சென்ட்ரின் மூலக்கூறுகள் வரிசையாகப் பற்றிக்கொண்டு மெல்லிய இழையாகின்றன. புதிய துருவம் உருவாக அந்த இழையே அடித்தளம். கிளாமிடோமோனாஸ் பாசியில் சென்ட்ரினின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், இரண்டாக இருக்க வேண்டிய கசையிழைகளின் எண்ணிக்கை செல்லுக்குச் செல் வேறுபடும்.

முதுகெலும்பிகளில் கதை இவ்வளவு எளிதன்று. மனித செல்களில் சென்ட்ரின் 2-ஐக் குறைத்தபோது சென்ட்ரியோல்கள் இரட்டிப்பாவது தடைபட்டது. ஆனால் சென்ட்ரின்கள் அனைத்தும் நீக்கப்பட்ட கோழிச் செல்கள் 2011-இல் வெளியான ஆய்வில் இயல்பாகவே பிரிந்தன. புற ஊதாக் கதிரால் சிதைந்த டி.என்.ஏ.வைச் சீர்செய்வதில்தான் பின்தங்கின. உண்மையில் மனித செல்லில் உள்ள சென்ட்ரினின் பெரும்பகுதி சென்ட்ரோசோமுக்கு வெளியேதான் இருக்கிறது. சென்ட்ரின் 2, டி.என்.ஏ.வைச் செப்பனிடும் எக்ஸ்.பி.சி. புரதக் கூட்டின் உறுப்பும் ஆகும். எனவே இதைச் சென்ட்ரோசோமுக்கு மட்டும் உரியதாகக் கருதுவது பொருந்தாது.

பீகாரை நெடுங்காலமாக வாட்டிய காலா அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா டொனோவனி என்ற ஒட்டுண்ணியில் சென்ட்ரின் மரபணுவை நீக்கினால், மணல் ஈயில் வாழும் பருவத்தில் அது வழக்கம்போலப் பெருகும். மனித செல்லுக்குள் வாழும் பருவத்திலோ பிரிய முடியாமல் தேய்ந்து போகும். நோய் தராமல் எதிர்ப்பாற்றலை மட்டும் எழுப்பும் இத்தகைய ஒட்டுண்ணிகள் விலங்குச் சோதனைகளில் பாதுகாப்பு அளித்துள்ளன. லீஷ்மேனியா தடுப்பூசிக்கான முயற்சிகளில் இது நம்பிக்கை தரும் வழி.