இரண்டு விநாடிப் பார்வை

குடும்பத்தோடு போகும் காரில் ஓட்டுபவரின் கவனம் சாலையோடு முடிவதில்லை. பின்சீட்டில் குழந்தை அழும். ஏசி போதவில்லை என்று ஒரு குரல் வரும். அடுத்த திருப்பம் எங்கே என்ற குழப்பம் வேறு. நாளைய கார்களின் தகவல் அமைப்பை வடிவமைப்பவர்கள் முதலில் நினைக்க வேண்டியது இவரைத்தான். திரை எத்தனை அங்குலம் என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வரவேண்டும்.

காருக்குள் தொடுதிரை வந்து வெகுகாலம் ஆகிறது. 1986இல் அமெரிக்காவின் பியூக் ரிவியேராவில் ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் படக்குழாய்த் தொடுதிரை ஒன்றுக்குள் அடக்கினார்கள். வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். சில ஆண்டுகளில் பொத்தான்கள் திரும்ப வந்தன. 2012இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு இறங்கியதும் காற்று மறுபடி திரும்பியது. தயாரிப்பாளர்களுக்கு இதில் லாபம் உண்டு. பொத்தானுக்குப் பொத்தான் அச்சும் கம்பியும் தேவையில்லை. விற்ற பிறகும் மென்பொருளை மாற்றலாம்.

ஆனால் திரை ஓட்டுபவரின் கண்ணைக் கேட்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 2 விநாடியில் ஏறத்தாழ 44 மீட்டர் கடந்துவிடும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் தந்த வழிகாட்டுதல் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது: ஒரு பார்வை 2 விநாடியைத் தாண்டக் கூடாது; ஒரு வேலை முடிய மொத்தமாக 12 விநாடிப் பார்வைக்கு மேல் ஆகக் கூடாது.

இதைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. சோதனைக்கு வருபவர் ஒரு தனிவகைக் கண்ணாடி அணிந்துகொள்வார். அது ஒன்றரை விநாடி தெளிவாக இருக்கும். அடுத்த ஒன்றரை விநாடி மங்கி எதையும் காட்டாது. மங்கிய நேரம், கண் சாலையில் இருக்கும் நேரத்துக்குச் சமம். ஏசிக்குத் திருகு பொத்தான் இருந்தால் அப்போதும் விரல் தன் வேலையைச் செய்யும். இருட்டில் வீட்டு ஸ்விட்சைத் தடவிப் போடுகிறோமே, அதுபோல. வழவழப்பான கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடிமானமே கிடையாது. கண் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்வீடனின் வி பீலேகாரே இதழ் 2022இல் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சோதனை நடத்தியது. ரேடியோ நிலையத்தை மாற்றுவது, டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது போன்ற சில வேலைகள்தான். 2005ஆம் ஆண்டின் பழைய வோல்வோவில் அவை 10 விநாடியில் முடிந்தன. புதிய கார்களில் மிகவும் பின்தங்கியதற்கு 44.6 விநாடி ஆனது. அதற்குள் அந்தக் கார் கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர் ஓடிவிட்டது! இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கைக்கு அகப்படும் விசை இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று, புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் சொல்வது மிகவும் சரி.

குரலில் கட்டளையிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. கண் சாலையில் இருந்தாலும் மனம் அங்கே இருக்க வேண்டுமே. யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டிரேயர் குழு 2015இல் கண்டது: சில குரல் அமைப்புகளோடு பேசி முடித்த பிறகும் 27 விநாடிவரை கவனச் சிதறல் நீடிக்கிறது.

குடும்பக் காரில் தகவல் மிக அவசியமாகும் இடம் பின்சீட். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் காருக்குள் வெப்பத்தால் இறக்கிறார்கள்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், பெற்றோரோ மற்றவரோ மறந்து விட்டுச்சென்ற குழந்தைகள். 2017 ஜிஎம்சி அகாடியாவில் வந்த தீர்வு எளிமையானது. பயணத்துக்கு முன் பின்கதவு திறக்கப்பட்டதைக் கார் நினைவில் வைத்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்ததும் மணி அடித்து, பின்சீட்டைப் பார்க்கச் சொல்லும். கேமரா கிடையாது, எடைச் சென்சாரும் கிடையாது. நிசான் இதேபோன்ற ஒன்றை உருவாக்கக் காரணம், அதன் பொறியாளர் ஒருவர் சமைத்த உணவைப் பின்சீட்டில் இரவு முழுக்க மறந்துவிட்டதுதான்.

கதவை நம்பும் இந்த முறைக்குக் காய்கறிப் பைக்கும் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியாது. தேவையில்லாமல் அடிக்கும் மணியை மனிதர்கள் சீக்கிரமே அணைத்துவிடுவார்கள். ஆகவே இப்போது கூரையில் ரேடார் வருகிறது. போர்வைக்குள் தூங்கும் சிசுவின் மார்பு மூச்சில் ஏறி இறங்குவதைக்கூட அது உணரும். பூட்டிய காரில் அப்படி ஓர் அசைவு தெரிந்தால் ஹாரன் ஒலிக்கவோ, பெற்றோரின் செல்போனுக்குச் செய்தி அனுப்பவோ செய்யலாம். இதற்கு யூரோ என்கேப் 2023 முதல் மதிப்பெண் தருகிறது.

இந்த ரேடார் விலை உயர்ந்த மாடல்களோடு நின்றுவிடக் கூடாது. 2019 ஜூலையில் இந்திய அரசு புதிய கார்களுக்கு சீட் பெல்ட் எச்சரிக்கையையும் பின்பக்கப் பார்க்கிங் சென்சாரையும் கட்டாயமாக்கியபோது, அவை பேஸ் மாடலுக்கும் வந்துசேர்ந்தன. அந்தப் பட்டியலில் அடுத்து இடம்பெற வேண்டியது இதுதான்.