கனடாவில் மருத்துவர் கட்டணத்தை ஏற்பவர் யார்?

ஒரு குடும்பத்தில் நோய் புகுந்தால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அருகில் மருத்துவர் இருக்கிறாரா என்பது ஒன்று. அவருக்குக் கொடுக்கக் கையில் பணம் இருக்கிறதா என்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் இரண்டாவது கேள்வியைச் சட்டத்தின் துணைகொண்டு அகற்றிய நாடுகளுள் கனடாவும் ஒன்றாகும். அந்நாட்டில் முறைப்படி குடியிருப்போர், மருத்துவரைக் காண்பதற்கும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும் கையிலிருந்து பணம் கொடுப்பதில்லை. மாகாண அரசாங்கம் வழங்கியுள்ள காப்புறுதி அட்டையைக் காட்டினால் போதும். ஆனால் முதற்கேள்வி அந்நாட்டில் இன்று மீண்டும் தலைதூக்கி நிற்கிறது. பணக்கவலை நீங்கிய நாட்டில் மருத்துவர் கிடைப்பாரா என்னும் கவலை எவ்வாறு வந்தது? இதனை அறிய, இத்திட்டம் பிறந்து வளர்ந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

கோதுமை வயலிற் பிறந்த திட்டம்

இத்திட்டம் தலைநகராகிய ஒட்டாவாவில் பிறந்ததன்று. டொராண்டோ, மான்ட்ரியால் போன்ற செல்வம் கொழிக்கும் நகரங்களிலும் பிறந்ததன்று. மேற்குச் சமவெளியில், கோதுமையை நம்பி வாழும் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிறந்தது. அங்கே பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே தொலைவு அதிகம், குளிர்காலமோ கடுமையானது. உழவர் கையில் அறுவடைக் காலத்தில் மட்டுமே பணம் புழங்கும். விளைச்சல் பொய்த்தால் அதுவும் இல்லை. இத்தகைய ஊரில் மருத்துவர் தொழில் நடத்திப் பிழைப்பது அரிது. ஆதலின் வந்த மருத்துவரும் சில ஆண்டுகளில் ஊரை விட்டுப் போய்விடுவார்.

1915-ஆம் ஆண்டில் அம்மாகாணத்தின் சார்னியா என்னும் ஊராட்சி மன்றம் இதற்கு ஒரு வழி கண்டது. புறப்பட இருந்த தம் மருத்துவரை நிறுத்திக்கொள்ள, ஊர் வரிப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 1,500 வெள்ளி கொடுப்பதென அம்மன்றம் முடிவு செய்தது. மறு ஆண்டே மாகாணச் சட்டமன்றம் இதற்கு அனுமதியளித்துச் சட்டம் இயற்றியது. பிற ஊராட்சிகளும் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கின. பணமில்லாதவனுக்கு இலவசச் சிகிச்சை அளிப்பதை மட்டும் அவ்வூரார் எண்ணவில்லை. மருத்துவர் ஊரை விட்டுப் போகாதிருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் எண்ணம். இதை மனத்திற் கொள்ளுதல் நன்று.

1930-களில் உலகப் பொருளாதார மந்தமும் கடும் வறட்சியும் ஒருங்கே வந்து சமவெளியைத் தாக்கின. கோதுமை விலை வீழ்ந்தது. மண் காற்றிற் பறந்தது. மருத்துவருக்குக் கட்டணமாகக் கோழியும் உருளைக்கிழங்கும் கொடுத்த காலம் அது. அக்காலத்தில் வேபர்ன் என்னும் சிற்றூரில் பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகராகப் பணியாற்றியவர் டாமி டக்ளஸ். இவர் 1904-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோருடன் கனடாவிற் குடியேறியவர். சிறுவனாக இருந்தபோது எலும்பு நோயால் இவருடைய கால் ஒன்றை வெட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. குடும்பத்தினரிடம் சிறப்பு மருத்துவரை நாடப் பணம் இல்லை. வினிப்பெக் நகரில் ஓர் அறுவை மருத்துவர், தம் மாணவர்கள் பார்த்துக் கற்க இசைந்தால் பணம் பெறாமலே சிகிச்சை செய்வதாகக் கூறிக் காலைக் காப்பாற்றினார். ஒரு பிள்ளையின் கால், ஒருவருடைய கருணை தற்செயலாகக் கிட்டியதைப் பொறுத்து அமையலாமா என்னும் கேள்வி டக்ளஸின் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

1944-இல் அவர் சஸ்காச்சுவானின் முதலமைச்சரானார். 1946-இல் சுவிஃப்ட் கரன்ட் வட்டாரத்தில் மருத்துவர், மருத்துவமனை ஆகிய இரு செலவுகளையும் ஏற்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1947 ஜனவரி முதல் நாள் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்புறுதி வந்தது. ஒருவர் ஆண்டுக்குச் செலுத்திய கட்டணம் 5 வெள்ளியே. பத்து ஆண்டுகள் கழித்து, 1957-இல், கூட்டரசு நாடாளுமன்றமும் விழித்துக்கொண்டது. இத்தகைய திட்டம் நடத்தும் மாகாணங்களுக்குச் செலவில் ஏறக்குறையப் பாதியைக் கொடுக்கும் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. இதனாற் சஸ்காச்சுவானின் சுமை குறைந்தது. மிஞ்சிய பணத்தைக்கொண்டு மருத்துவர் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கும் என்று 1959 டிசம்பரில் டக்ளஸ் அறிவித்தார்.

இருபத்து மூன்று நாட்கள்

மருத்துவர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். பணம் கொடுப்பவர் ஒருவரே ஆனால் அவரே எசமானர் ஆகிவிடுவார் என்பது அவர்களுடைய அச்சம். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே அரசாங்க அலுவலர் வந்து நிற்பார் என்றனர். இவ்வச்சத்தை வெறும் தன்னலம் என்று ஒதுக்கிவிட இயலாது. தொழிலுரிமையைப் பற்றிய உண்மையான கவலையும் அதில் இருந்தது. 1960 தேர்தலில் இத்திட்டத்தை முன்வைத்தே டக்ளஸ் வெற்றி பெற்றார். மறு ஆண்டு அவர் கூட்டரசு அரசியலுக்குச் செல்லவே, உட்ரோ லாயிட் முதலமைச்சரானார். ஆசிரியராகப் பணியாற்றிய லாயிடின் தலையில் முழுப் போராட்டமும் விழுந்தது.

1962 ஜூலை முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே மாகாணத்தின் மருத்துவர்களுட் பெரும்பாலோர் தங்கள் மருந்தகங்களை மூடினர். அவசர நோயாளிகளுக்கு மட்டும் சில மருத்துவமனைகளில் மருத்துவர் சிலர் தொண்டாற்றினர். சுமார் 9 இலட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணம் கலங்கியது. நிறைமாதக் கர்ப்பிணிகளின் வீடுகளிலும் கைக்குழந்தையுள்ள வீடுகளிலும் அச்சம் குடிகொண்டது. அரசாங்கம் பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வருவித்தது. சாஸ்கட்டூன் முதலிய இடங்களில் மக்களே கூட்டுறவு முறையில் மருத்துவ நிலையங்களைத் திறந்தனர். மறுபுறம், மருத்துவர்களுக்கு ஆதரவாக ஊர்தோறும் குழுக்கள் தோன்றின. ஜூலை 11-ஆம் நாள் தலைநகர் ரெஜைனாவில் சட்டமன்றத்தின் முன் அவை பெருங்கூட்டம் கூட்டின. எதிர்பார்த்த கூட்டத்திற் சிறு பகுதியே வந்தது. அதன்பின் எதிர்ப்பின் வேகம் தணிந்தது.

பிரிட்டனிலிருந்து வந்த டெய்லர் பிரபு, தாமும் ஒரு மருத்துவர். இரு தரப்பாரிடமும் மாறி மாறிப் பேசி உடன்பாடு காண உதவினார். ஜூலை 23-ஆம் நாள் சாஸ்கட்டூன் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அரசாங்கம் திட்டத்தைக் கைவிடவில்லை. மருத்துவர்கள் அரசாங்க ஊழியராகவும் ஆகவில்லை. அவர்கள் தனித்தொழில் செய்பவராகவே இருப்பர். செய்யும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனிக் கட்டணம் பெறுவர். அக்கட்டணத்தைப் பொதுக் காப்புறுதி செலுத்தும். கனடாவின் முறையைப் பிரிட்டனின் முறையோடு ஒன்றெனக் கருதுவோர் பலர். அது தவறு. 1948-இல் தொடங்கிய பிரிட்டிஷ் திட்டத்தில் மருத்துவமனைகள் அரசாங்கத்தின் உடைமையாயின. கனடாவில் அரசாங்கம் கட்டணம் செலுத்துகிறது; சிகிச்சையளிப்போர் தனித்து இயங்குகின்றனர். இவ்வேற்றுமைக்கு வித்திட்டது அந்த 23 நாட் போராட்டமே.

ஒரு மாகாணத்திலிருந்து ஒரு நாட்டிற்கு

1964-ஆம் ஆண்டுத் தேர்தலில் லாயிடின் கட்சி தோற்றது. ஆயினும் புதிய அரசாங்கம் திட்டத்தை நீக்கத் துணியவில்லை. மக்கள் அதன் பயனைக் கண்டுவிட்டனர். அதே ஆண்டில், நீதிபதி எம்மெட் ஹால் தலைமையில் அமைந்த அரசாங்க ஆணைக்குழு, நாடு முழுவதற்கும் இத்தகைய காப்புறுதி வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1966-இல் பிரதமர் லெஸ்டர் பியர்சனின் ஆட்சியில் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 1968 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 1972-க்குள் எல்லா மாகாணங்களும் ஆட்சிப் பகுதிகளும் அதிற் சேர்ந்துவிட்டன.

பின்னர் ஒரு பழுது தோன்றியது. காப்புறுதி கொடுக்கும் தொகைக்கு மேல் நோயாளியிடமும் பணம் பெறும் வழக்கம் சில மாகாணங்களிற் பரவியது. இதனைத் தடுக்க, சுகாதார அமைச்சர் மொனிக் பெகான் அம்மையார் கொணர்ந்த கனடா சுகாதாரச் சட்டம் 1984-இல் நிறைவேறியது. கனடாவின் அரசியலமைப்பில் மருத்துவமனைகள் மாகாணத்தின் பொறுப்பு. கூட்டரசு நேரே கட்டளையிட இயலாது. ஆதலின் பணத்தையே கடிவாளமாக்கியது இச்சட்டம். நோயாளியிடம் ஒரு வெள்ளி பெற்றால், கூட்டரசு மாகாணத்திற்குக் கொடுப்பதில் ஒரு வெள்ளி குறையும். இதை எதிர்த்து ஒன்டாரியோ மருத்துவர்கள் 1986-இல் வேலை நிறுத்தம் செய்தும் வெற்றி பெறவில்லை.

அச்சட்டம் ஐந்து நெறிகளை வகுத்தது. திட்டத்தை இலாப நோக்கமற்ற பொது அமைப்பு நடத்த வேண்டும் என்பது பொது நிர்வாகம். தேவையான மருத்துவர், மருத்துவமனைப் பணிகள் யாவும் அடங்க வேண்டும் என்பது முழுமை. குடியிருப்போர் அனைவரும் ஒரே விதிப்படி பயன் பெறவேண்டும் என்பது அனைவர்க்கும் உரிமை. ஒருவர் வேறு மாகாணத்திற்குச் சென்றாலும் காப்பு தொடரவேண்டும் என்பது உடன்செல்லும் உரிமை. கட்டணமோ வேறு தடையோ குறுக்கே நிற்கலாகாது என்பது எட்டும் தன்மை.

மீண்டும் எழுந்த முதற்கேள்வி

ஐந்தாவது நெறியில்தான் இன்றைய சிக்கல் அடங்கியிருக்கிறது. கட்டணம் என்னும் தடை நீங்கியது உண்மை. ஆனால் மருத்துவரே இல்லாவிடில் கதவு திறந்திருந்தும் பயன் யாது? 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட கனடியருக்கு நிலையான குடும்ப மருத்துவர் இல்லை என்று காட்டியது. கனடாவில் சிறப்பு மருத்துவரிடம் செல்வதற்குப் பெரும்பாலும் குடும்ப மருத்துவரின் கடிதம் வேண்டும். ஆகவே அவர் இல்லாதவர், அவசரப் பிரிவின் வாயிலில் மணிக்கணக்கிற் காத்திருக்கிறார். முழங்கால் மாற்று அறுவை போன்றவற்றிற்குப் பல மாதங்கள் காத்திருப்பதும் உண்டு.

காரணங்கள் பல. செலவைக் குறைக்கும் நோக்கில், 1990-களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களைச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைக்க மாகாணங்கள் முடிவு செய்தன. அம்முடிவின் விளைவு பின்னாளில் தெரிந்தது. மக்கள்தொகை 2023-இல் 4 கோடியைத் தாண்டியது. முதியோர் தொகையும் பெருகியது. வெளிநாட்டிற் பயின்று குடியேறிய மருத்துவர்களுட் பலர் உரிமம் பெறப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

1962-ஆம் ஆண்டு ஒப்பந்தம் விட்டுச் சென்ற முறையும் ஒரு காரணம். ஒவ்வொரு பணிக்கும் தனிக் கட்டணம் என்னும்போது, நாட்பட்ட பல நோயுள்ள முதியவரோடு நெடுநேரம் செலவிடும் மருத்துவருக்கு வருவாய் குறைகிறது. மருத்துவர்களைத் தங்கள் உரிமை காக்கத் தூண்டிய அம்முறையே, குடும்ப மருத்துவத்தை நாடும் இளைஞரைத் தயங்கச் செய்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023-இல் இதனை மாற்றிப் பார்த்தது. நோயாளியோடு செலவிடும் நேரத்தையும், பொறுப்பேற்ற நோயாளிகளின் தொகையையும் கணக்கிட்டு ஊதியம் வழங்கும் புதுமுறை அங்கே வந்தது. ஒன்டாரியோவின் பிராம்ப்டன் நகரில் 2025-இல் புதிய மருத்துவக் கல்லூரி ஒன்றும் திறக்கப்பட்டது.

திட்டத்தின் எல்லைகளும் குறிப்பிடத்தக்கவை. மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்து, பல் சிகிச்சை, மூக்குக் கண்ணாடி ஆகியவை தேசியச் சட்டத்தில் அடங்கவில்லை. ஹால் ஆணைக்குழு 1964-இலேயே மருந்தைச் சேர்க்க வேண்டும் என்றது. கூட்டரசின் பல் சிகிச்சைத் திட்டம் 2023 டிசம்பரிற் பதிவைத் தொடங்கியது. நீரிழிவு மருந்துகளையும் கருத்தடைச் சாதனங்களையும் ஏற்கும் சட்டம் 2024 அக்டோபரில் நிறைவேறியது.

பணமுடையோர் தனியே விரைந்து சிகிச்சை பெற வழிவிட வேண்டும் என்போரும் உள்ளனர். கியூபெக் வழக்கு ஒன்றில் 2005-இல் உச்ச நீதிமன்றம், நீண்ட காத்திருப்பு மக்களின் உரிமையைப் பாதிக்கும் எனக் கூறி, தனியார் காப்புறுதிக்கு அம்மாகாணம் விதித்த தடையை ஏற்க மறுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடுக்கப்பட்ட இத்தகைய வழக்கோ 2020-இலும், மேல்முறையீட்டில் 2022-இலும் தோல்வியுற்றது. இருக்கும் மருத்துவரைப் பணமுள்ளவர் பக்கம் இழுத்தால் மற்றவரின் வரிசை இன்னும் நீளும் என்பது எதிர்ப்போர் வாதம்.

2004-ஆம் ஆண்டில் கனடிய ஒலிபரப்புக் கழகம் நடத்திய வாக்கெடுப்பில், கனடியருள் மிகச் சிறந்தவராக மக்கள் தேர்ந்தெடுத்தவர் டாமி டக்ளஸ். நோயாளியின் பணப்பையைப் பார்க்காமல் நோயைப் பார்க்கும் முறையைத் தந்தமைக்கு மக்கள் செலுத்திய நன்றி அது. ஆயினும் அம்முறையின் வேர், 1,500 வெள்ளி கொடுத்து மருத்துவரை ஊரில் நிறுத்திக்கொண்ட சார்னியா உழவரிடம் இருக்கிறது. கட்டணத்தை ஊரார் பகிர்ந்துகொள்வது பாதி வேலை. மருத்துவரை ஊரில் இருக்கச் செய்வது மறுபாதி. முதற்பாதியைக் கனடா சட்டமாக்கிவிட்டது. அவ்வுழவர் தொடங்கிய மறுபாதியே அந்நாட்டின் முன் இன்று நிற்கும் பணியாகும்.