உள்ளே தெரியும் உண்டியல்

நம் ஊர்ச் சந்தைகளில் விற்கும் மண் உண்டியலில் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாது. காசை எடுக்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். கன அளவும் மதிப்பீடும் கற்பிப்பதற்காக, உள்ளே தெரியும் மர உண்டியல் ஒன்றை என் வகுப்பில் செய்தோம்.

தேவையானவை: 12 மி.மீ. ப்ளைவுட்டில் 15×8 செ.மீ. துண்டுகள் 2, 17.6×8 செ.மீ. துண்டுகள் 2, 3 மி.மீ. தடிமனுள்ள 15×20 செ.மீ. அக்ரிலிக் தகடுகள் 2. சிறு திருகாணிகள் 8. ஆணி, மரப்பசை, உப்புத்தாள். கண்ணாடி வேண்டாம், உடைந்தால் கையைக் கிழிக்கும்.

செய்முறை:

1. அறுப்பதையும் துளையிடுவதையும் ஆசாரியோ ஆசிரியரோ செய்யட்டும். அளப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் மாணவர் வேலை.

2. மேல் பலகையில் 32 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலத்தில் பிளவு இடுக. 10, 20 ரூபாய் நாணயங்களின் விட்டம் 27 மி.மீ.; தாராளமாக நுழையும்.

3. நான்கு பலகைகளையும் பசை, ஆணி கொண்டு சட்டமாக்குக. நீளத் துண்டுகள் நடுவில் நிற்க வேண்டும்.

4. தகட்டின் துளை திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். இறுக்கினால் விரிசல் விடும். பின் தகட்டைக் கழற்றினால் காசை எடுக்கலாம்.

முன் தகட்டில், உட்புற அடிமட்டத்திலிருந்து தொடங்கி செ.மீ. கோடுகள் ஒட்டுக. உட்பரப்பு 12.6×8 செ.மீ. என்பதால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஏறக்குறைய 100 கன செ.மீ. இடம். ஒரு 10 ரூபாய் நாணயத்தின் கன அளவு ஏறக்குறைய 1 கன செ.மீ. அப்படியானால் ஒரு கோட்டுக்கு 100 நாணயம் அடங்குமா? அடங்காது. காரணத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்: இடையில் காற்று இருக்கிறது. களத்து நெற்குவியலைப் பார்த்தே இத்தனை மூட்டை தேறும் என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மதிப்பீடு புதிதன்று.

பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று யாராவது சொன்னால் அதையும் பாடமாக்கலாம். புழக்கத்திலுள்ள 14 வடிவங்களும் செல்லும் என ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்தது.

ஒரு எச்சரிக்கை. டெல்டாவில் நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் பல வீடுகளில் கையில் காசு இராது. ஆளுக்கொரு உண்டியல் என்றால் யாருடையது காலி என்பதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆகவே வகுப்புக்கு ஒன்றே போதும். விரும்பியவர் போடலாம், பெயர்ப் பட்டியல் கூடாது. சேர்ந்த பணத்தில் நோட்டும் பேனாவும் வாங்கி வகுப்பு அலமாரியில் வைக்கிறோம். தேவைப்படுபவர் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.