உங்களுக்குத் தெரியுமா? மடிக்கணினி காட்டும் மாம்பழ மஞ்சள்

மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அக்கா மகள் தன் புது மடிக்கணினியில் படம் பார்த்து அருப்புக்கோட்டைச் சேலை ஒன்று வாங்கினாள். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. பார்சலைப் பிரித்தவள் முகம் வாடிவிட்டது. "மாமா, சேலை வெளுத்துப்போய் வந்திருக்கு. திருப்பி அனுப்பிரவா?" என்றாள். சேலையை முற்றத்து வெளிச்சத்தில் விரித்தேன். அதே படத்தை என்னுடைய பழைய கணினியில் திறந்து பக்கத்தில் வைத்தேன். சேலையும் பழைய திரையும் ஏறக்குறைய ஒத்துப்போயின. புதுத் திரையில் மட்டும் அந்த மஞ்சள் கண்ணைப் பறித்தது. பிசகு தறியிலும் இல்லை, சாயத்திலும் இல்லை.

●

திரைக்கு நிறம் என்பது மூன்று எண்கள்தான். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை. பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். ஆனால் 'சிவப்பு 255' என்றால் எவ்வளவு சிவப்பு? 'இந்தத் திரையால் முடிந்த மட்டும் சிவப்பு' என்பது மட்டுமே அதற்குப் பொருள். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறும். பத்துப் படி கம்பு என்றால், எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். நிறத்திலும் அதே கதைதான். சின்னப் படியால் அளந்து எழுதிய கணக்கைப் பெரிய படியால் அளந்து கொட்டினால் கூடத்தானே விழும்? புது மடிக்கணினிகளில் நிறம் தூக்கலாகத் தெரிவது இதனால்தான்.

●

அந்தச் சின்னப் படியின் பெயர் எஸ்ஆர்ஜிபி. 1996-இல் ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமானது. அன்றைய குண்டுத் திரைகளால் எவ்வளவு நிறம் காட்ட முடிந்ததோ அவ்வளவே அதன் எல்லை. இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பகுதி இன்றும் அந்த அளவில்தான் இருக்கிறது. பெரிய படியின் பெயர் டிசிஐ-பி3. டிஜிட்டல் சினிமா புரொஜக்டர்களுக்காக 2005-இல் வகுக்கப்பட்டது. 2015-இல் ஆப்பிளின் ஐமேக் வழியாக மேசைக்கு வந்து, இப்போது நடுத்தர விலை மடிக்கணினிகளின் ஓஎல்இடி திரை வரை இறங்கிவிட்டது. எஸ்ஆர்ஜிபியைவிட இதன் பரப்பு சுமார் கால் பங்கு கூடுதல். இப்படி நிற எல்லை அகன்ற திரையைத்தான் இனி அகலத் திரை என்கிறேன்.

●

சின்னப் படி, பெரிய படி உட்பட உலகத் திரைகளின் நிறக்கணக்கு எல்லாவற்றுக்கும் அடிப்படை 17 பேரின் கண்கள். 1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் ரைட் என்பவர் 10 பேரையும், கில்ட் என்பவர் 7 பேரையும் உட்காரவைத்து, மூன்று ஒளிகளைக் கலந்து நிறங்களை ஒப்பிடச் செய்தார்கள். அந்த அளவுகளை வைத்தே 1931-இல் உலக நிற வரைபடம் உருவானது. இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

●

நம் தேசியக் கொடியின் காவிக்கும் அந்த வரைபடத்தில் இடம் குறித்திருக்கிறார்கள். எக்ஸ் 0.538, ஒய் 0.360. இந்தியத் தர நிர்ணயத்தின் முதல் எண் பெற்ற ஆவணமே கொடிக்கானதுதான். துணி எந்த ஊரில் நெய்தாலும் காவி ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள், பெயரோடு விடாமல் எண்ணும் கொடுத்தார்கள். அந்தக் காவி பழைய சாதாரணத் திரையின் எல்லைக்குள்ளேயே அடங்கும். அகலத் திரையில் கொடி தீப்பிழம்பாகத் தெரிந்தால், அது கொடியின் காவி அல்ல.

சேலைக்கு அப்படி எண் இல்லை. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்துதந்த நீலம் 'எம்.எஸ். ப்ளூ' என்று பேர் வாங்கிவிட்டது. ஆனால் இன்று பத்துக் கடைகளில் கேட்டால் பத்து நீலம் எடுத்துப் போடுவார்கள்.

●

சேலைகளில் பார்க்கும் வாடாமல்லி நிறம் வானவில்லில் கிடையாது. சிவப்பும் நீலமும் ஒருசேரக் கண்ணில் படும்போது மூளை உண்டாக்கிக்கொள்ளும் நிறம் அது.

●

எங்கள் மாவட்டத்துச் சிவகாசியில் அச்சடிக்கக் கொடுப்பவர்களுக்குத் திரைக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு மையால் ஒளியைக் குறைத்து நிறம் காட்டுகிறது. சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் திரையின் பளீர் கிளிப்பச்சையை ஒருநாளும் எட்ட முடியாது. அகலத் திரையில் பார்த்து மயங்கிய பத்திரிகை, கையில் வரும்போது களையிழந்து தெரிவது அச்சகத்தின் தவறு அல்ல. மறுபக்கமும் உண்டு: அச்சின் சியான் நீலத்தை எஸ்ஆர்ஜிபி திரையால் முழுதாகக் காட்ட முடியாது. 1998-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட தனி அளவு அந்த நீலத்தையும் பெருமளவு உள்ளடக்கும்.

●

கல்யாண ஆல்பத்தில் முகமெல்லாம் வெளிறித் தெரிகிறதா? திருத்தியவரின் திரையை விசாரியுங்கள். அளவு சரிசெய்யாத அகலத் திரையில் நம் மாநிறம் செம்புத் தகடாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து நிறத்தைக் குறைத்துவிடுவார். அவர் திரையில் சரியாகிவிட்ட முகம் சாதாரணத் திரையிலும் அச்சிலும் சோகை பிடித்துப்போகும். எத்தனை வீட்டு ஆல்பங்கள் இப்படி வீணாகியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

●

விளம்பரத்தில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று இருந்தால், அந்த மடிக்கணினி எஸ்ஆர்ஜிபியைக்கூட முழுதாகக் காட்டாது. 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. என்டிஎஸ்சி என்பது 1953-ஆம் ஆண்டின் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி அளவு!

●

சரிசெய்வது எப்படி? பல மடிக்கணினிகளில் கம்பெனி கொடுத்த திரைச் செயலி ஒன்று இருக்கும்; அதில் எஸ்ஆர்ஜிபி என்ற தேர்வைத் தேடுங்கள். அது ஒன்றே போதும், முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். விண்டோஸ் 11-இல், ஆதரவு உள்ள கருவிகளில், திரை அமைப்புகளுக்குள் தானாக நிறத்தைக் கவனித்துக்கொள்ளும் பொத்தான் உண்டு. திரையின் நிற அளவைச் சொல்லும் நிறக்கோப்பு ஒன்றை ஏற்றினால் மட்டும் போதாது. அதைப் படிக்கத் தெரிந்த செயலிகள்தான் அதை மதிக்கும், டெஸ்க்டாப் படம் பழையபடியே எரியும். மேக் கணினிகள் இந்த வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. சாம்சங் போனில் 'விவிட்' என்பதை 'நேச்சுரல்' ஆக்குங்கள். இரவு வெளிச்சம், கண் பாதுகாப்பு போன்றவற்றை நிறம் பார்க்கும் நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் திரை செத்துப்போனதுபோல் தோன்றும். கண் பழகிவிடும்.

●

அக்கா மகள் அந்தச் சேலையைத் திருப்பி அனுப்பவில்லை. பொங்கலுக்கு அதைத்தான் கட்டியிருந்தாள். நீங்களும் நிறம் மாறி வந்துவிட்டதென்று ஒரு சேலையைத் திருப்புமுன், திரையை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, துணியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பாருங்கள். திரும்பி வரும் ஒவ்வொரு சேலையும் சிறு நெசவாளருக்கு நஷ்டக் கணக்கு.