12 பாயிண்ட் எவ்வளவு?
கணினியில் கடிதம் தட்டும்போது எழுத்தின் அளவை 12 என்று வைக்கிறோமே, அது 12 பாயிண்ட். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். 12 பாயிண்ட் ஒரு பைக்கா. 6 பைக்கா ஓர் அங்குலம். மில்லிமீட்டரில் வேண்டுமா? பாயிண்டை 0.3528 ஆல் பெருக்குங்கள். 12 பாயிண்ட் ஏறக்குறைய 4.23 மில்லிமீட்டர்.

ஆனால் தாளில் விழுந்த எழுத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. அச்சுக் கோத்த காலத்தில், எழுத்தைத் தாங்கிய ஈயத் துண்டின் மேல்கீழ் அளவைத்தான் பாயிண்டில் சொன்னார்கள். எழுத்து அதற்குள் அடங்கி நிற்கும். அந்த வழக்கமே கணினிக்கும் வந்தது.

பழைய பிரெஞ்சுப் புத்தகங்களை அளப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே வழங்கிய டிடோ பாயிண்ட் சற்றுப் பெரியது, சுமார் 0.376 மில்லிமீட்டர். அதில் 12 சேர்ந்தால் ஒரு சிசெரோ, ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர்.